முன்னால் போன வண்டி

திருச்சி பாலக்கரையில் ரோசம்மாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'பர்மா அம்மா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'பயந்தாங்கொள்ளி அம்மா'. இரண்டாவது பெயரை வைத்தவள் பக்கத்து வீட்டு சாரா பீவி. வைத்த கையோடு தன் தையல் மிஷினையும் இரவல் கொடுத்தவள் அவள்தான் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

பயந்தாங்கொள்ளி என்பது பொய்யும் இல்லை. 1964ஆம் வருஷம் ஆடி மாதம், மகள் லூர்துராணியைக் கூட்டிக்கொண்டு ரங்கூனிலிருந்து வந்து, சாரா பீவியின் வீட்டை ஒட்டியிருந்த ஒற்றை அறையில் குடியேறினாள். மறுநாள் காலையில் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் சங்கு ஊதியது. நாள் தவறாமல் ஊதுகிற சங்கு அது. ஊரில் பாதிப் பேர் அதைக் கேட்டுத்தான் பல் விளக்கவே எழுந்திருப்பார்கள். ரோசம்மாளோ பதினாறு வயது மகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தானும் புகுந்து, காதைப் பொத்திக்கொண்டாள். பால்காரன் வாசலில் கத்திக் கத்தி ஓய்ந்தான். சாரா பீவிதான் உள்ளே வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏம்மா, ஆத்தாளும் மகளும் கீழ என்ன தேடுறீங்க?"

"சங்கு ஊதுதுங்க."

"ஊதுனா ஒர்க்‌ஷாப்புக்காரங்க வேலைக்குப் போவாங்க. நீங்க எதுக்குக் கட்டிலுக்கடியில போறீங்க?"

சிரித்தவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் ரங்கூனில் இருந்ததில்லை. அங்கே சங்கு ஊதினால் ஒன்று எங்கோ தீ, இல்லாவிட்டால் ஊரடங்கு. இரண்டில் எதுவானாலும் ஓட வேண்டியதுதான்.

ரோசம்மாள் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். பர்மா ரயில்வேயில் என்ஜினுக்குக் கரி தள்ளுகிற பயர்மேனாக இருந்த சவரிநாதன் லீவில் ஊருக்கு வந்து, கோவிலில் அவள் கழுத்தில் சிலுவைத் தாலியைக் கட்டி, கையோடு கப்பலேற்றிக் கூட்டிக்கொண்டு போனான். தலைநகரத்துக்குப் போகிறோம் என்று அவளுக்கு ஒரே பெருமை. போய் இறங்கி, பெண் குழந்தையைப் பெற்று, அது தவழ்வதற்குள் உள்நாட்டுச் சண்டை வந்துவிட்டது. ஒரு பக்கம் கம்யூனிஸ்டுகள், ஒரு பக்கம் தனி நாடு கேட்ட கரேன் இனத்தார், சர்க்காரை விட்டு ஓடிய பட்டாளம் இன்னொரு பக்கம். ஊருக்கு வெளியே இன்செயினில் பீரங்கி முழங்கினால் அவள் அடுப்படியில் தட்டு அதிரும். நாட்டை ஆள்கிறவர்களுக்கே அப்போது 'ரங்கூன் சர்க்கார்' என்றுதான் கேலிப் பெயர். ஊர் எல்லையைத் தாண்டினால் ஆட்சி வேறு ஆளுடையது.

பீரங்கி ஓய்ந்தது, சண்டை ஓயவில்லை. ஐம்பதுகள் முழுக்க அது ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. கிராமங்களை விட்டு ஓடி வந்த ஜனங்கள் ரங்கூனின் நடைபாதை, மைதானம், கோவில் வாசல் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் மூங்கில் குடிசை போட்டார்கள். கோடை வந்தால் அந்தக் குடிசைகள் தெருத் தெருவாகப் பற்றி எரியும். குடிதண்ணீர்க் குழாயை எங்கோ காட்டில் யாரோ உடைப்பார்கள். ஊர் பூராவும் வாளியோடு அலையும். நேற்றுப் பேசிய ஆள் இன்று இருக்க மாட்டான், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதற்கு நடுவே சினிமாக் கொட்டகையில் கூட்டம் குறையவில்லை, டீக்கடையில் சிரிப்புக் குறையவில்லை. அதுதான் ரோசம்மாளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். இத்தனை பேரும் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

சவரிநாதன் பயர்மேனிலிருந்து டிரைவராக உயர்ந்தான். உயர்வு வந்த அன்று அவள் அழுதாள். அவனைப் போட்டது பைலட் வண்டிக்கு. தண்டவாளத்தில் கண்ணிவெடி வைக்கிற காலம் அது. ரயில்கள் பகலில் மட்டும் ஓடின. பிரயாணிகள் வண்டிக்கு முன்னால் ஒரு வெறும் என்ஜின் போகும். அந்த என்ஜினுக்கும் முன்னால், கல் ஏற்றிய திறந்த ரயில் பெட்டிகள் இரண்டைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வெடி இருந்தால் கல் வண்டியோடு போகட்டும் என்று கணக்கு. என்ஜினில் இருக்கிறவனைப் பற்றிக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. பைலட் அடுத்த ஸ்டேஷனைத் தொட்ட பிறகு, அங்கிருந்து 'லைன் கிளியர்' என்று சேதி வரும். அது வராமல் பின்னால் நிற்கிற வண்டி ஓர் அடி நகராது.

அந்த வார்த்தை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. வேலை முடிந்து வருகிறவன் வாசலில் நின்று முதலில் சொல்வது "லைன் கிளியர், ரோசம்மா!" அது காதில் விழுந்த பிறகுதான் அவள் உலையில் அரிசியைப் போடுவாள். முன்னாலேயே போட்டுவைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் போட மாட்டாள். நாளடைவில் எல்லாவற்றுக்கும் அதுவே சட்டமாயிற்று. மார்க்கெட்டுக்கானாலும் பூசைக்கானாலும் மூன்று பேரும் சேர்ந்து போவது கிடையாது. ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துச் சேதி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் அப்புறம்தான் படி இறங்குவார்கள். பயத்தில் பிறந்த பழக்கம்தான். ஆனால் அந்தப் பழக்கத்தால்தான் மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள் என்று ரோசம்மாள் சத்தியமாக நம்பினாள்.

அறுபத்திரண்டில் பட்டாளமே ஆட்சியைப் பிடித்தது. விடிந்தும் விடியாத வேளையில் யூனிவர்சிட்டிப் பக்கம் வெடித்த வெடியில் இவர்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி விரிசல் விட்டது. அறுபத்து நான்கில் கடை கண்ணியெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு, இந்தியர்கள் கப்பல் கப்பலாகக் கிளம்பினார்கள். சென்னையில் போய் இறங்கிய ஜனம் கொட்டகைகளில் கிடக்கிறது என்று ரங்கூனுக்குச் சேதி வந்துகொண்டிருந்தது.

"இந்தத் தடவை நீதான் பைலட்டு" என்றான் சவரிநாதன், துறைமுகத்தில். "நீயும் பாப்பாவும் முன்னால போங்க. தலைய சாய்க்க ஓர் இடம், பயமில்லாத ஊரு, பார்த்து வச்சிட்டு லைன் கிளியர் குடு. ஒரே ஒரு தந்தி. அன்னிக்கே வேலைய எழுதிக் குடுத்துட்டு அடுத்த கப்பல்ல ஏறிடறேன்."

"நீங்களும் கூடவே வந்துடுங்களேன்."

"மூணு பேரும் ஒரே கப்பல்லயா?" என்று அவன் கேட்டான்.  அது அவளுடைய சட்டமும்தானே.

ஆக, திருச்சியில் ரோசம்மாளுக்கு இருந்த வேலை இதுதான். ஊர் சரிதானா என்று பார்க்க வேண்டும், பார்த்ததும் தந்தி கொடுக்க வேண்டும். இடம் கிடைத்தாயிற்று. சாரா பீவியின் மிஷினில் ரவிக்கை தைத்தாள், சோற்றுக்குக் குறைவில்லை. லூர்துராணி டைப்ரைட்டிங் படித்தாள். வேறு யாராயிருந்தாலும் வந்த மாதமே தந்தியடித்துப் புருஷனை வரவழைத்திருப்பார்கள். ஆனால் முன்னால் போகிற வண்டிக்குப் பொறுப்பு அதிகம். கண்ணில் படாத வெடி ஒன்று எங்கேயாவது இருந்துவிட்டால்? நாம் பார்த்துச் சொன்னோம் என்று நம்பித்தானே பின்னால் வருகிறவர் வருகிறார்? 

ஸ்ரீரங்கத்து வாடிக்கைக்காரர்களுக்கு ரவிக்கை கொண்டுபோகிற நாட்களில் நடந்த கூத்தை ஊரே சொல்லிச் சிரித்தது. தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்ட மாட்டார்கள். லூர்துராணி முதல் பஸ்ஸில் போய் அக்கரையில் இறங்குவாள். திரும்பி வருகிற பஸ் கண்டக்டரிடம் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அந்தக் கண்டக்டர் இறங்கி நின்று, "பர்மாக்கார அம்மா யாருங்க? லைன் கிளியராம், ஏறுங்க!" என்று கூவுவார். வெற்றிலை விற்கிறவள்வரை எல்லாரும் சிரிப்பார்கள். ரோசம்மாள் தலையைக் குனிந்துகொண்டு ஏறுவாள். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், பாலத்தைத் தாண்டும்வரை அவள் விரல்கள் ஜெபமாலையை விடாது.

"இதையே அப்பாவுக்குச் சொல்லேம்மா" என்று லூர்துராணி ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டாள். "பஸ்ஸுக்குச் சொல்ற வார்த்தைதானே? ரெண்டு மாசமா என்ன பார்த்துக்கிட்டே இருக்கே?"

"தீபாவளி கழியட்டும்டி."

தீபாவளி வந்தது. பாலக்கரை முழுக்க விடிய விடிய வெடி. இது பட்டாசு, இது பட்டாசு என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். உடம்பு கேட்டால்தானே? பொழுது நன்றாக விடிந்த பிறகும் அவள் சுவர் மூலையில் உட்கார்ந்திருந்தாள். சாரா பீவி டீ கொண்டுவந்து கையில் திணித்தாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

"அல்லா காப்பாத்துவான்மா. இது நம்ம ஊரு. இங்க யாரு சண்டைக்கு வரப்போறா?"

"அங்கயும் அப்படித்தாங்க சொல்லிக்கிட்டிருந்தாங்க" என்றாள் ரோசம்மாள்.

சவரிநாதனிடமிருந்து மாதம் தவறாமல் கடிதம் வரும். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து, கடைசியில் எப்போதும் ஒரே கேள்விதான்: லைன் இன்னும் கிளியர் ஆகவில்லையா? அவளும் ஒவ்வொரு முறையும், கொஞ்சம் பொறுங்கள் என்று எழுதச் சொல்வாள். "நானே போய்த் தந்தி அடிச்சிடறேன்" என்று லூர்துராணி ஒரு தடவை செருப்பை மாட்டிவிட்டாள். ரோசம்மாள் கதவை மறித்து நின்றாள்.

"முன்னால வந்தவ நான். நான் சொல்லாம வண்டி நகரக் கூடாது. நகர்ந்து ஏதாவது ஆச்சுன்னா நீயா பதில் சொல்லுவே?"

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தாள். இந்த முடிவு உண்மையானது. பலகாரத்துக்கு மாவுகூட இடித்துவிட்டாள். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் பெரும் புயல். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய்விட்டது, ரயிலோடு, ரயிலில் இருந்த அத்தனை ஜனத்தோடு. ஜங்ஷனிலிருந்து வந்த ஒருவர் தெருவில் நின்று அதைச் சொன்னபோது, ரோசம்மாள் மாவுப் பானையை மூடி வைத்தாள். கண்ணிவெடி இல்லாத நாட்டில் கடலே வந்து ரயிலை எடுத்துப் போகிறது. இந்த ஊருக்கா அவரை வரச் சொல்வது? இடித்த மாவு புழுத்துப்போய்க் கொட்ட வேண்டியதாயிற்று.

பொங்கல் கழிந்து கடிதம் வரவில்லை.

தபால்காரர் தெருவில் வருவார், மணியடித்துக்கொண்டே போய்விடுவார். ஒரு வாரம் பார்த்தாள். அதற்குள் ஊரில் இந்தி எதிர்ப்புக் கலவரம் வெடித்துவிட்டது. காலேஜ் பையன்கள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் லாரிகள் வந்தன, தெப்பக்குளத்துப் பக்கம் புகை எழுந்தது. ரயிலை மறித்தார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், தபாலாபீஸ் பலகைகளில் தார் பூசினார்கள். ரோசம்மாள் பயந்த அத்தனையும் அவளைத் தேடிக்கொண்டு பாலக்கரைக்கே வந்துவிட்டது. தண்ணீரை அண்டா அண்டாவாகப் பிடித்து வைத்தாள். துணி மூட்டையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். ஜன்னலுக்குக் கோணி அடித்தாள்.

"கலாட்டாவுல தபால் நின்னிருக்கும்மா" என்றாள் லூர்துராணி. அப்படித்தான் இருக்கும் என்று ரோசம்மாளும் சொன்னாள். ஆனால் பதினேழு வருஷம் வாசலில் ஒரு குரலுக்காகக் காத்திருந்தவளுக்கு மௌனம் எப்படி இருக்கும் என்று தெரியும். சத்தத்துக்குப் பயந்து பயந்தே இருந்தவள், வாழ்க்கையில் முதல் தடவையாக, சத்தமில்லாத ஒன்றுக்கு அதைவிட அதிகமாகப் பயந்தாள்.

மறுநாள் மதியம், தெருவே கதவடைத்துக் கிடந்தபோது அவள் புடவையை மாற்றிக்கொண்டாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே? போலீஸ் நிக்குது!"

"தந்தியாபீஸுக்கு. நீ வராதே. நான் முன்னால போறேன்."

எப்படிப் போனாள் என்று அவளுக்கே பிறகு சரியாக ஞாபகமில்லை. கண்ணாடிச் சில்லு செருப்பில் நறநறத்தது. எரிந்த டயர் நாற்றம் ரங்கூன் குடிசை நாற்றமாகவே இருந்தது. எங்கோ 'டப்' என்று கேட்டது. ஒரு கடை வாசலில் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. அருள் நிறைந்த மரியே சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வரவில்லை. கடைசியில் சுவரைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்தபடியே நடந்தாள்.

தந்தியாபீஸ் வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள், உள்ளே ஒரே ஒரு குமாஸ்தா. லூர்துராணி முன்பே எழுதிவைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள். ரங்கூன் விலாசம். அதன் கீழே, 'லைன் கிளியர். ரோசம்மாள்.'

குமாஸ்தா அதைப் படித்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படித்தார். ஊரெல்லாம் தண்டவாளத்தைப் பெயர்க்கிற வாரத்தில், முக்காடு போட்ட பெண்பிள்ளை ஒருத்தி வெளிநாட்டுக்கு இப்படி ஒரு தந்தி கொடுத்தால் அவர் என்ன நினைப்பார்? போலீஸ்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவர் உள்ளே வந்து விசாரித்தார்.

"யாரும்மா எழுதித் தந்தது? எந்த லைன் கிளியரு? யாருக்குச் சேதி சொல்றே?"

போலீஸ் தொப்பியைப் பார்த்ததும் அவள் ஓர் அடி பின்வாங்கினாள். ரங்கூனில் தொப்பிக்காரன் கேள்வி கேட்டால் அதற்குப் பிறகு வீட்டுக்குப் போவது நிச்சயமில்லை. ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தாள். ஓடினால் தந்தி போகாது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என் வீட்டுக்காரருங்க. என்ஜின் டிரைவரு. பதினேழு வருஷமா அவர் முன்னால போய்ப் பார்த்து எங்களுக்குச் சொன்னாரு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் முன்னால வந்திருக்கேன். ஆறு மாசமா சொல்லாம வச்சிருக்கேங்க. அவர் அங்க நின்னுக்கிட்டே இருக்காரு."

குமாஸ்தா அந்தத் தாளை மறுபடி கையில் எடுத்தார். வெளியே மறுபடி ஏதோ உடைகிற சத்தம்.

"ஊரு இருக்கிற இருப்புல, கிளியருன்னு எப்படிம்மா எழுதுறீங்க?"

"கிளியரில்லைதாங்க. இருந்தாலும் அவர் வரட்டும்."

அவர் தந்தியை வாங்கிக்கொண்டார். போலீஸ்காரர் தெருமுனைவரை கூட வந்து விட்டுவிட்டுப் போனார்.

பதில் வர மாசி பிறந்துவிட்டது. 'கப்பலேறுகிறேன்' என்று மட்டும்தான் இருந்தது. ரோசம்மாள் தந்தியை மாதா படத்துக்கு அடியில் வைத்து, அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. பயம் போய்விடவில்லை. ஆனால் அதற்கு அடியில் என்னவோ ஒன்று லேசாக இருந்தது, அது சந்தோஷம் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

தவக்காலத்தில் ஒரு காலை, சென்னையிலிருந்து தந்தியில் சொல்லியிருந்த வண்டி ஜங்ஷனில் வந்து நின்றது. தாயும் மகளும் சேர்ந்தே போயிருந்தார்கள், ஒரே குதிரை வண்டியில். லூர்துராணி அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் இறங்கியது தைரியராஜ், சவரிநாதனின் என்ஜினில் பயர்மேன். கையில் கட்டு. அவன் பின்னால் திரும்பி, ஒரு மெலிந்த மனிதரைக் கைபிடித்து இறக்கினான். தலை பூராவும் நரைத்துவிட்டிருந்தது. ரோசம்மாள் ஓடிப்போய் "என்னங்க!" என்றாள். அவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் பக்கத்தில் போய்க் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

"கேக்காதுங்க அக்கா" என்றான் தைரியராஜ், அவள் முகத்தைப் பார்க்காமல். "பொங்கலுக்கு மறுவாரம், பெகுவுக்கு அந்தாண்ட வெடி. கல் வண்டி ரெண்டும் போச்சு, என்ஜின் சாஞ்சிருச்சு. உசிரு தப்பினதே பெரிசு. ரெண்டு காதும் போயிருச்சு. உங்களுக்கு எழுத வேணாம்னுட்டார்."

"பொங்கலுக்கா?" என்றாள் லூர்துராணி.

"தீபாவளிக்குள்ள தந்தி வந்துடும், வேலைய எழுதிக் குடுத்துடறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தாரு பாப்பா. வரல. மேலதிகாரி திரும்பப் பைலட்டுக்கே போட்டுட்டான்."

  ரோசம்மாள் யாருக்காகப் பயந்தாளோ, அவருக்கு அந்தப் பயமே குழி பறித்துவிட்டது. 

அப்போது பொன்மலைச் சங்கு ஊதியது. ஜங்ஷனுக்கு அது பக்கம். பிளாட்பாரத் தகரமே அதிர்ந்தது. ரோசம்மாளின் உடம்பு தானாகவே குறுகி, பெஞ்சுக்கு அடியில் இடம் தேடிக் குனிந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சவரிநாதன் அசையாமல் நின்றிருந்தார். அப்போதுதான் அவளைக் கண்டுகொண்டு முகமெல்லாம் சிரித்தார். சுற்றும் முற்றும் ஒரு பார்வை பார்த்தார். தன் குரல் தனக்குக் கேட்காததால், பிளாட்பாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கக் கேட்டார்.

"எவ்வளவு அமைதியான ஊரு, ரோசம்மா! இதுக்கா இத்தனை நாள் லைன் கிளியர் குடுக்காம இருந்தே?"